அட்டன் சந்தையில் உங்கள் தங்கை குல்லா விற்ற விவரம்

வட்டகொடை,
11.2.57

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் கணேசமூர்த்தி அவர்களுக்கு, சிவசாமி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். உடப்புசல்லாவையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குளிர் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும்.

நிற்க. தங்கள் தங்கை மீனம்மாவைப் பற்றித் தங்களிடமே முறையிடுகிறேன். துரை பங்களா ஆயாவிடம் கம்பளிக் குல்லா பின்னக் கற்றுக்கொண்டு, எங்கள் லயத்து வீட்டில் ஒரு மூட்டை சேர்த்துவிட்டாள். அட்டன் சந்தைத் திடலில் ஞாயிறுதோறும் கைவேலைக்காரர்கள் கடை விரிக்கிறார்களாம், தானும் விரிக்கவேண்டுமாம். மானம் போகும் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும்தான் நேற்று ரயில் ஏறினேன். திடல்ல ஒரு பக்கம் பித்தளை விளக்கு, ஒரு பக்கம் பிரம்பு நாற்காலி. சட்டிபானை விக்கிற சிங்கள அம்மா ஒருத்தங்க நகந்து எடம் குடுத்தாங்க. மத்தியானம் வரைக்கும் ஒரு ஆள் திரும்பிப் பாக்கல மச்சான். "கட்டு மூட்டையை"ன்னேன். அவ ஒரு குல்லாவை என் தலையில மாட்டி, "செத்த நேரம் இப்படியே நில்லுங்க"ன்னுட்டா. அப்பப் பாத்து சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போற பஸ் ஒண்ணு வந்து நிக்குது. கொழும்புப் பக்கத்து ஆளுங்க, குளிர்ல பல்லு தந்தியடிக்குது. ஒரு பெரியவர் எறங்கி நேரா வந்து, என் தலைக் குல்லாவைக் கழட்டித் தன் தலையில போட்டுக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு! "மாத்தயா, மகே தொப்பிய!", ஐயா என் தொப்பின்னு சிங்களத்துல நான் கத்திக்கிட்டே ஓட, கால் தடுக்கிப் பானை மேல விழ, சத்தம் கேட்டு பஸ் மொத்தமும் எறங்கிருச்சு. யாத்திரைக்காரங்களுக்குத் தானமாக் குடுக்கிறோம்னு நெனச்சாராம் அந்தப் பெரியவர்! வெலை சொன்னதும் எல்லாரும் காசு குடுத்து வாங்க, அரை மணி நேரத்துல மூட்டை காலி. ஒடைஞ்ச பானைக்குப் பதிலா கடைசிக் குல்லா ஒண்ணு போதும்னு அந்தம்மா வாங்கி மாட்டிக்கிட்டு சிரிக்கிறாங்க.

திரும்பி வரையில ரயில்ல எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை! "என்னா சிவசாமி, குல்லா யாவாரமா?"ன்னு பெட்டி முழுக்கக் கேக்குற மாதிரி கேட்டாரு. கூனிக்குறுகிப் போயிட்டேன். லயத்துக்கு வந்து நான் கத்துனா, அவ நிதானமா சொல்றா: "இருவத்திரண்டு வருஷமா கொழுந்து எடுக்குறேன். கொறைஞ்சா திட்டுனாங்க, நெறைஞ்சா பேசாம இருந்தாங்க. என் கைவேலையைப் பாத்து இன்னைக்குத்தான் நாலு பேரு நல்லாருக்குன்னாங்க."

இப்படி எதுத்துப் பேசுறா மச்சான். அண்ணன்னு நீங்க நேர்ல வந்து கண்டிச்சாத்தான் சரிப்படும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
சிவசாமி

பி.கு.: தபால்ல போட நாலு நாள் பிந்திப்போச்சு. நீங்க வரவேண்டாம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குக் குல்லா பத்தாதுன்னு அவ தவிக்கிறதைப் பாத்து, நானும் பின்ன ஒக்காந்துட்டேன். ஒண்ணு முடிச்சாச்சு. காதோட சேத்து கண்ணையும் மூடுது. மீனம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கும் ஒரு தலை இருக்கும்"னு மூட்டையில வச்சுட்டா.