அஞ்சு பேர் இல்லீங்க

கோயமுத்தூரில் கல்லூரிக்குப் பணம் போட்ட மில் முதலாளிகள் அந்தக் காலத்தில் யாருக்கும் பயந்ததில்லை. சர்க்காருக்குப் பயப்படவில்லை. சென்னையிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் பயப்படவில்லை. எனக்குத் தெரிந்து அவர்கள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் எங்கள் கல்லூரி ஹெட் கிளார்க். ஐந்தடி உயரம், பொத்தான் எல்லாம் போட்ட காக்கிக் கோட்டு, கக்கத்தில் ஒரு ரூல் புத்தகம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவர் பெயர் 'அஞ்சுபேர்'.

காரணம் சொல்கிறேன். கல்லூரியை நடத்தியது ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு. குறைந்தது ஐந்து பேர் உட்கார்ந்தால்தான் எந்த முடிவும் செல்லும் என்று விதி. உட்காரமாட்டார்கள். ஒருவர் மில்லில் இருப்பார், ஒருவர் கல்யாணத்தில் இருப்பார், ஒருவர் ஊட்டிக்குப் போயிருப்பார். வந்த மூன்று பேர் காப்பியைக் குடித்துவிட்டு, "எழுதிக்குங்க, எல்லாருக்கும் சம்மதந்தான்" என்பார்கள். ஹெட் கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அஞ்சு பேர் இல்லீங்க" என்பார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது.

ஒரு ஐப்பசியில் பிரின்சிபால் அறை ஒழுகியது. ஓடு மாற்றக் குழுவின் அனுமதி வேண்டும். ஐந்து பேர் சேரவில்லை. மழைக்காலம் முடியும்வரை பிரின்சிபால் குடைக்கு அடியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் மன்றத்துக்கும் ஹெட் கிளார்க்தான் காரியதரிசி, அங்கேயும் அதே அஞ்சு பேர் விதி. ஒருநாள் தேநீர் விருந்துக்கு நாலு பேர்தான் வந்திருந்தோம். வடைக் கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்தபோது வடையைப் பிய்க்க இரண்டு கை தேவைப்பட்டது.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. நான் சரித்திர ஆசிரியர். என் வேலையை நிரந்தரம் செய்யும் தீர்மானம் அஞ்சு பேர் இல்லாமல் ஒரு வருஷம் கிடப்பில் கிடந்தது. நேரே போய்க் கத்தினேன்.

"ஏனுங்க, நாலு பேரும் சரின்னுட்டாங்க. அஞ்சாவது ஆளு வந்தா மட்டும் வேண்டாம்பாரா?"

"சரீன்னுதானுங்க சொல்லுவாரு. வந்து சொல்லோணுமில்லீங்க?"

"நீங்க மனுசன்தானா?"

"கோவிச்சுக்காதீங்க சாரு. தண்ணி குடிக்கறீங்களா?"

இந்த ஊரில் ஒருவன் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பான்.

இப்போது முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் குழுவின் தலைவர். கல்லூரியையும் அவர் இன்னொரு மில்லாகத்தான் நினைத்தார். நூல் நல்ல விலைக்குப் போனால் புதுக் கட்டடம் எழும்பும். விலை படுத்தால் நூலகத்துக்குப் பத்திரிகை நிற்கும். என்ன பாடம் நடக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமா தீர்மானித்தது? பஞ்சு மார்க்கெட் தீர்மானித்தது. ஐம்பதுகளின் கடைசியில் ஊரைச் சுற்றிப் புது மில்கள் கிளம்பியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. சரித்திரத்தை மூடிவிட்டு அந்த அறைகளில் நெசவுத் தொழில் படிப்பு தொடங்குவது.

பிரின்சிபால் மெல்ல எதிர்த்துப் பார்த்தார். "சரித்திரம் படிச்சவன் எந்த மெசினுல நிப்பானுங்க?" என்று முதலாளி கேட்டார். பிரின்சிபால் மேலே ஓட்டைப் பார்த்தார். நாங்கள் மூன்று சரித்திர ஆசிரியர்கள். மூன்று பேருக்கும் குடும்பம் இருந்தது. மெசினில் நிற்கத் தெரியாது.

தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்பக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. கூட்டத்தன்று நான் வகுப்பை விட்டுவிட்டு வராந்தாவில் நின்றேன். என் வேலை போகிற கூட்டம். அப்போது யாருக்குப் பாடம் ஓடும்?

உள்ளே நாலு பேர். முதலாளி, அவர் மச்சினர், ஒரு டாக்டர், ஒரு வக்கீல். ஐந்தாவது ஆள் தாராபுரத்துப் பண்ணைக்காரர். அவரும் வந்துவிட்டார். ஆனால் காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மாட்டுச் சந்தையில் ஒரு காளைக்கு அவர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தபோது, முதலாளியின் மச்சினர் குறுக்கே புகுந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து மச்சினர் இருக்கும் அறையில் காலை வைப்பதில்லை என்று சபதம்.

முதலாளி ஜன்னல் வழியே கத்தினார். "உள்ளார வாங்க! ரெண்டு நிமிசந்தான்!"

"ஆகட்டுங்க, எனக்குச் சம்மதமுங்க! எழுதிக்கச் சொல்லுங்க!" என்று காருக்குள்ளிருந்து பதில் வந்தது.

முதலாளி ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். "கேட்டுச்சல்ல? எழுதுய்யா."

"அஞ்சு பேர் இல்லீங்க."

"காம்பவுண்டுக்குள்ளதானே இருக்காரு!"

"காருக்குள்ள இருக்காருங்க. குழு ரூமுக்குள்ள இல்லீங்க."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "தூக்குங்கடா நாற்காலிய" என்றார். நாலு நாற்காலியும் வேப்பமரத்தடிக்குப் போயின. நாலு பெரிய மனிதர்கள் ஒரு மோட்டார் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காருக்குள்ளே தாராபுரத்துக்காரர், மச்சினர் இருந்த பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டுக்கொண்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஹெட் கிளார்க் நிதானமாக நடந்து வந்து, ரூல் புத்தகத்தை விரித்து, கார் பானெட் மேல் வைத்தார்.

"நோட்டீசுல 'குழு அறை'ன்னு போட்டிருக்குதுங்க. வேப்பமரம்னு போடலீங்க. எடம் மாறுனா புது நோட்டீசு அனுப்போணுமுங்க. ஏழு நாளு வேணுமுங்க."

"மெட்ராசுக்குக் கடைசித் தேதி எப்பய்யா?"

"நாலு நாளுல வருதுங்க."

முதலாளி எழுந்து நின்று இங்கிலீஷிலும் தெலுங்கிலும் தமிழிலும் திட்டினார். தெலுங்கில் திட்டியது மட்டும் எனக்குப் புரியவில்லை, புரிந்ததை இங்கே அச்சிடமாட்டார்கள். எல்லாம் முடிந்தபின் ஹெட் கிளார்க், "நாற்காலிய உள்ளார போடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை உருவிக்கொண்டார். "உங்களுக்காக இல்லீங்க சாரு. அடுத்த வருசம் உள்ளார அஞ்சு பேரு உக்காந்தா நானேதான் எழுதுவேன்."

அடுத்த வருஷம் மின்வெட்டு வந்தது. பாதி மில்கள் ஒரு ஷிப்டுக்கு இறங்கின. முதலாளி கல்லூரிப் பக்கமே வரவில்லை. நெசவுப் படிப்பைப் பற்றிப் பிரின்சிபால் கேட்டபோது, "இருக்கறது இருக்கட்டுமுங்க" என்றாராம். சரித்திரம் இப்படித்தான் பிழைத்தது. சரித்திரத்தின் அருமை தெரிந்து யாரும் அதைக் காப்பாற்றவில்லை. ஒரு காளையும் ஒரு குமாஸ்தாவும் காப்பாற்றின கதை இது.

சில வருஷம் கழித்து ஹெட் கிளார்க்குக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது, ஓய்வு பெற வேண்டும். வீட்டில் கடைசி மகள் கல்யாணம் பாக்கி. இரண்டு வருஷம் வேலையை நீட்டித்தால் பிழைத்துக்கொள்வார். நான் வெட்கத்தை விட்டு ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் நடந்தேன். தாராபுரத்துக்கும் பஸ் ஏறிப் போனேன். அவருடைய கடைசி நாளன்று கூட்டம். இந்த முறையும் வராந்தாவில் நின்றேன்.

உள்ளே நாலு பேர். மச்சினரும் இருந்தார். வேப்பமரத்தடியில் கார் வந்து நின்றது. தாராபுரத்துக்காரர் இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். மச்சினருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தாளுக்காக வந்தனுங்க" என்றார்.

"அஞ்சு பேர் இருக்கறோம். இப்ப எழுதுய்யா, ரெண்டு வருசம் எக்ஸ்டென்சன்" என்றார் முதலாளி.

ஹெட் கிளார்க் பேனாவைத் திறக்கவில்லை. "அஜெண்டால இல்லீங்க."

"அஜெண்டா எழுதுனது நீதானேய்யா!"

"என்ற சொந்த விசயத்த நானே எப்படிங்க எழுதறது?"

"தலைவர் அனுமதியோட சேர்த்துக்கய்யா."

"அவசர விசயத்தத்தானுங்க அப்படிச் சேர்க்கலாம். எனக்கு வயசாகறது அம்பத்தெட்டு வருசமாத் தெரிஞ்ச விசயமுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹெட் கிளார்க் ரூல் புத்தகத்தை மேசைமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தம்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கிறுக்கன் என்றேன். மகளை நினைத்தாயா என்றேன், மரியாதை தவறி. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கல்லூரி மணி அடித்தது.

"சாரு, உங்களுக்கு இப்பக் கிளாஸ் இருக்குதுங்களே?"

"இருக்குது."

"போங்க. வாத்தியாரு இல்லாம கிளாஸ் இருக்கக்கூடாதுங்க."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னபிறகு அந்த விதியை நான் மீறியது அன்று ஒருமுறைதான்.