சுவரைப் பார்த்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்து நிறுத்திய பைக், புதன்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்து நின்றது.

டைலர் அதை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி அது. எடை நானூறு கிலோ. அவர் எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவர், தனக்கு வண்டி வாங்கும்போது மட்டும் டேப்பை மறந்துவிட்டார். கடை ஆட்கள் நாலு பேர் பின்புறமாகத் தள்ளித்தான் அது ஷெட்டுக்குள் போகும்.

"மாப்ளே, நீதானே திருப்பி வச்சே?"

படியில் உட்கார்ந்திருந்த மச்சினன் சிரித்தான். "நானா? அதைத் தொட்டா என் இடுப்பு கழண்டுடும். பேச்சை மாத்தாதீங்க மாமா. தனியா வெளிய எடுத்தா வண்டி உங்களுக்கு. இல்லேன்னா சாவி எனக்கு. நீங்க கட்டின பந்தயம்தானே?"

மனைவி மூன்றாம் முறையாக எட்டிப் பார்த்தாள். "சாப்பிட்டாச்சுல்ல, கடைக்குக் கிளம்பலையா?"

"கிட்ட வராதே! மேல விழுந்தா தாங்குவியா?" அவள் அவரைவிட ஒரு சாண் குட்டை.

டைலர் ஏறி உட்கார்ந்தார். நிற்கும் வண்டியின் பாரத்தைத் தரைதான் தாங்குகிறது. ஓட்டுபவர் காலால் பின்னுக்கு உந்தினால் போதும். ஆனால் உந்துவதற்குக் குதிகால் தரையில் பதிய வேண்டும். அவருக்குக் கட்டைவிரல்தான் எட்டியது. போதாக்குறைக்கு, தரை சுவர்ப் பக்கம் சரிவு.

கோட்டுத் தோளில் வைத்துத் தைக்கும் பஞ்சை மடித்துச் செருப்புக்கு அடியில் கட்டினார். உயரம் வந்தது. உந்தியதும் பஞ்சு நசுங்கியது. வண்டி ஒரு முழம் முன்னே போனது.

"சுவரை இடிச்சு அந்தப் பக்கமா எடுக்கப் போறீங்களா?" என்றான் மச்சினன்.

டைலர் சக்கரத்தடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். வழுக்கல் சக்கரத்துக்கு மட்டுமா? காலும் வழுக்கியது. முன்சக்கரம் சுவரில் முட்டி நின்றது. வண்டி ஒரு பக்கம் சாய, அவர் தோளைக் கொடுத்து முக்கினார்.

"மாப்ளே, பிடிடா!"

பிடித்து நிமிர்த்தினார்கள். இனி இஞ்சினை முடுக்கினால் சுவருக்குள்தான் போகும். கைப்பிடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. புரியாத எதையும் டைலர் தொடுவதில்லை. தையல் மெஷினிலும் அப்படித்தான்.

இருபது வருஷ ஆசை. சாவியை மச்சினனிடம் நீட்டினார்.

"ஐயையோ, குடுக்காதீங்க!" மனைவி ஓடி வந்தாள்.

"உனக்கென்ன? உனக்குத்தான் இதைக் கண்டாலே பயமாச்சே!"

அவள் வாயைத் திறப்பதற்குள் கேட் திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா, தலையில் ஹெல்மெட்டோடு.

"என்ன தம்பி, இப்படி வேர்த்துக் கொட்டுது? அந்தச் சிவப்புப் பட்டனைத் தட்டிட்டு ஸ்டார்ட்டரை அமுக்குங்க, தானா பின்னால வரும். உங்க வீட்டம்மா தினம் என்னையும் ஏத்திக்கிட்டு அப்படித்தானே எடுக்கறா!"