பெரியநாயகம் ஐயாவின் கார் மெழுகு வைபவம்

உலகத்தில் எத்தனையோ போர்கள் நடந்திருக்கின்றன. அவற்றுள் தலையாயது, எண்பத்து நான்காம் வருஷம் ஐப்பசி மாதம் ஏற்காட்டில் காருக்கும் காருக்கும் நடந்த போர்தான் என்பது என் தாழ்மையான கருத்து. முதல் கார், எங்கள் எஸ்டேட் முதலாளி பெரியநாயகம் ஐயாவின் கறுப்பு அம்பாசிடர். இரண்டாவது கார், ஐப்பசியில் சேர்வராயன் மலைமேல் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகாத மேகம். எஸ்டேட் ரைட்டர் மரியஅந்தோணி ஆகிய நான் அந்தப் போரைப் பக்கத்திலேயே குடை பிடித்து நின்று பார்த்தவன்.

போருக்குக் காரணம் என் மகள் ஆரோக்கியசெல்வி. புதன்கிழமை காலை அவளுக்குக் கோயிலில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்றே ஐயா எழுந்து நின்று, "என்ற கார்லதான் பொண்ணு கோயிலுக்குப் போகோணும். இது பெரியநாயகம் வாக்கு" என்று எல்லோர் முன்னாலும் பிரகடனம் செய்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

என் மகள் அதுவரை அந்தக் காரில் ஏறியதில்லை. சேற்றில் மாட்டிக்கொண்டபோது பின்னாலிருந்து தள்ளியிருக்கிறாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கூடப் படித்த பிள்ளைகள் பார்க்க, ஏரிக்கரை வழியாகக் காரில் போய்க் கோயில் வாசலில் இறங்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. "மாப்பிள்ள எப்படியோ இருந்துட்டுப் போறாருங்கப்பா. கார் வந்துருமுல்லீங்க?" என்று தினம் கேட்டாள்.

"ஐயா வாக்கு கண்ணு!" என்றேன். மாரமங்கலத்து ஜீப்காரர் பொன்னுவேல் வாடகைக்கு வரவா என்று கேட்டபோதுகூட, "எங்களுக்குக் காரே இருக்குதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் கரடியூர்க் கல்யாணம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஐயாவின் சிங்கப்பூர் மருமகன் அவருக்கு ஒரு டின் அனுப்பினார். காருக்குப் பூசுகிற மெழுகு. 'மழை, வெயில், தூசி அனைத்திலிருந்தும் உங்கள் காரைக் காக்கும்' என்று டின்னில் இருந்த ஆங்கிலத்தை ஐயா தமிழில் பெயர்த்து, வேதவாக்கியம் போல வாசித்தார். கல்யாணக் கார் கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று அப்போதே முடிவாயிற்று.

"அப்ப பாலீஷ் போட்டுரலாமுங்க" என்றேன்.

ஐயாவின் முகம் சிவந்தது. அவர் தமிழ் மன்றத்தின் தலைவரும்கூட. "பாலீஷ் என்ன பாலீஷ்? நம்ம பாஷையில சொல்லு. 'மெழுகறது.' வாயில தமிழ் வரோணும், மரியந்தோணி!"

அன்றே எஸ்டேட் முழுவதற்கும் வாய்மொழி ஆணை பிறந்தது. இனி யாரும் 'பாலீஷ்' என்று உச்சரிக்கக் கூடாது. காரை 'மெழுக'த்தான் வேண்டும்.

அடுத்து 'கார் மெழுகு ஆலோசனைக் குழு' கூடியது. தலைவர் ஐயா. வானிலைத் துறைப் பொறுப்பு ஐயாவின் மனைவி தெரசம்மாளிடம். மழை வருமுன் அவருக்கு முழங்கால் வலிக்கும். செயலாளர் நான். நேர் வெயில் கூடாது, ஈரம் கூடாது, காற்று உலர்ந்திருக்க வேண்டும் என்று டின் நிபந்தனை போட்டிருந்தது. ஏற்காட்டு ஐப்பசியைப் பற்றி அந்த டின்னுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஷெட்டுக்குள்ள வெச்சு மெழுகலாமுங்களே?" என்றேன்.

"ஷெட்டுல மிளகு மூட்ட இருக்குது. வில ஏறட்டும்னு வெச்சிருக்கறேன். அத எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்றார் தலைவர்.

"அடிவாரத்துல நல்ல வெயிலாமுங்க. பஸ் கண்டக்டர் சேகர் சொல்றாரு."

"மெழுகிட்டு மேல வரையில சேறு அடிக்குமே! யோசிச்சுப் பேசறியா?"

'வெயில் வந்தால் மெழுகுவது, வராவிட்டால் மறுபடி கூடுவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி வழங்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. தெரசம்மாளின் முழங்காலும் தடையில்லாச் சான்று அளித்தது. ஐயா பனியனோடு வாசலில் இறங்கிக் கார் முழுக்க மெழுகைத் தேய்த்தார். 'பூசிய இடத்தில் வெள்ளையாக மூட்டம் தோன்றியதும் துடைக்கவும்' என்றது டின். மூட்டம் தோன்றியது. காரின்மேல் மட்டுமல்ல, வாசல், கேட், சில்வர் ஓக் மரங்கள், ஐயா எல்லாவற்றின்மேலும் தோன்றியது.

"இது டின்னு மூட்டமா, மல மூட்டமா?" என்று பனிக்குள்ளிருந்து ஐயாவின் குரல் கேட்டது.

"என்ற காலு வலிக்குதுங்க" என்று தெரசம்மாளின் குரல் கேட்டது.

மழை கொட்டியது. கார் அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாக நின்றது. திங்கட்கிழமை முழுவதும் அந்தப் புள்ளிகளைச் சுரண்டித் தீர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு முதல் நாள், யாரும் எதிர்பாராமல் இளவெயில் அடித்தது. ஐயாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தமிழ் மன்றத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. வேலைக்கு வந்திருந்த வெள்ளையம்மாளைக் கூப்பிட்டு, "அம்மிணி, நான் வாரதுக்குள்ள கார நல்லா மெழுகி வெச்சுரு. ஒரு எடம் உடாத" என்று ஆணையிட்டுவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு நடந்தார். டின்னைக் காட்ட மறந்துவிட்டார்.

வெள்ளையம்மாள் ஆணையை நிறைவேற்றினாள். நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் கார் இல்லை. கார் அளவில் பச்சையாக ஒன்று நின்றது. அருகில் சாணிச் சட்டி இருந்தது.

"மெழுகிட்டேனுங்க சாமி" என்று முழங்கை வரை சாணியோடு சிரித்தாள் வெள்ளையம்மாள். "கண்ணாடிய மட்டும் உட்டுட்டேன், ரோடு தெரியோணுமில்லீங்க. கலியாண வண்டியாச்சேன்னு சக்கரத்தச் சுத்திச் சுண்ணாம்புப் பட்டையும் போட்டிருக்கறேன். நொம்ப அம்சமா இருக்குதுங்க!"

ஐயா வாயைத் திறந்தார். தமிழ் வரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

என்னென்னவோ சொல்லித் திட்டப்பட்ட மேகம்தான் அப்போது காப்பாற்றியது. சடசடவென்று ஒரு மழை. சாணியும் சுண்ணாம்பும் கரைந்து வாய்க்காலில் ஓட, கார் பளிச்சென்று வெளியே வந்தது. "இது போதுமுங்களே! இப்படியே போலாமுங்க" என்றேன் ஆனந்தமாக.

"சாணி பட்ட கார்ல பொண்ண அனுப்பறதா? என்ற வாக்கு என்னாகறது?" என்றார் ஐயா. அவருடைய பெருந்தன்மைக்கு அளவே கிடையாது. அந்த நிமிஷமே மிளகு மூட்டைகளை ஷெட்டிலிருந்து காலி செய்து, விருந்தாளிகள் படுக்க இடமில்லாத என் வீட்டில் அடுக்கச் சொன்னார். கார் ஷெட்டுக்குள் போனது. ஐயா தம் கையாலேயே மெழுகினார். ஷெட் ஓட்டில் ஒழுகல் இருந்ததால் எஸ்டேட்டின் ஒரே தார்ப்பாயையும் காரின்மேல் போர்த்தினார்.

புதன்கிழமை காலை தூறல். பட்டுச் சேலையும் முக்காடும் பூச்செண்டுமாக மகள் வாசலில் காத்திருந்தாள். நான் ஷெட்டுக்கு ஓடினேன். ஐயா தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கிக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததில்லை. என் பரிதாபமான முகம் முழுசாக அதில் தெரிந்தது.

"எடுத்துரலாமுங்களா?"

"மழ பேயுதே, மரியந்தோணி. மெழுகு போயிருமே!"

"மழைக்குத்தானுங்களே மெழுகு? டின்னுலயே போட்டிருக்குதுன்னு நீங்கதானுங்க வாசிச்சீங்க!"

"மெழுகு காரக் காக்கும். மெழுக ஆரு காக்கறது?" என்றார். தார்ப்பாய் பழையபடி இறங்கியது.

பொன்னுவேலின் ஜீப் கரடியூரில் இருந்தது. என் மகள் ஏரிக்கரை வழியாக நடந்தே போனாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். சேலைக் கரையில் முழங்கால் வரை செம்மண் ஏறியது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

விருந்தில் ஐயா வாழ்த்துரை வழங்கினார். "காரில் வருவது பெரிதல்ல. எளிமையாக நடந்து வருவதே நம் பண்பாடு. மணமகள் அதை இன்று நாட்டுக்கே எடுத்துக்காட்டியிருக்கிறார். இந்த எண்ணத்துக்கு வித்திட்டவன் என்ற முறையில்…"

கைதட்டினார்கள். என் கையும் பழக்கதோஷத்தில் தட்டியது. அப்போது மணப்பெண் எழுந்தாள்.

"ஏனுங்கய்யா, வெள்ளையம்மாக்கா மெழுகுனது ஒரு மழைக்கே கழுவிட்டுப் போயிருச்சுங்க. நீங்க பூசி மெழுகறது மட்டும் எத்தன மழ பேஞ்சாலும் போவாதுங்களா?"

பந்தலில் இலை போடுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். வாயில் தமிழ் வர வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஐயாதான். வந்துவிட்டது.