இரண்டாவது கார்டும் ஒற்றைக் காலுறையும்

வாலரூ,
ஜனவரி 14, 2016, வியாழன்

அன்புள்ள டாரிலுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் தேறியிருக்கும், மெரில் உங்களைப் பொறுத்துக்கொண்டிருப்பாள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தம்பி லின்டனும் நானும் நாய் டீசலும் நலம். நாற்பத்து மூன்று டிகிரி வெயில். அதைக் குறையாக எழுதவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அக்டோபரில் லின்டனின் கணினிக்கு நீங்கள் அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று மாதம் யோசித்தேன். வழி தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று லின்டன் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "ஏற்கெனவே இருக்கிற அதே கார்டு, ராஸ்! ரெண்டு கார்டு, ரெண்டு மடங்கு வேகம். லாரிக்குப் பின்னாடி இன்னொரு டிரெய்லரைக் கோக்கற மாதிரி" என்றார். "டிரெய்லரைக் கோத்தா வேகம் குறையும்தானே?" என்றேன். "உனக்கு லாரியும் தெரியாது, கார்டும் தெரியாது" என்று பதில் வந்தது. இரண்டு கார்டுக்குக் கணினிப் பெட்டி போதவில்லை என்று தகரம் வெட்டும் கத்திரியால் அதன் பக்கவாட்டை வெட்டி எடுத்தார், அந்த ஓட்டை வழியாக உள்ளங்கையளவு சிலந்தி ஒன்று குடிவந்தது, அதை விரட்டப்போய் டீசல் காப்பியைக் கவிழ்த்தது, சூடு தாங்காது என்று பெட்டிக்கு நேரே எங்கள் படுக்கையறை மின்விசிறி போய் நின்றது, நாங்கள் வேர்த்துக்கொண்டு படுக்கிறோம், கணினி காற்று வாங்குகிறது. ஏசி, விசிறி, கணினி மூன்றும் ஓடும்போது நான் கெட்டிலைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும். அப்படித்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அடுப்பிலிருந்த பாவ்லோவா கேக் பாதி எழும்பி அப்படியே உட்கார்ந்தது. மறுபடி ஒருமுறை கரண்டு போனதை யாருமே பார்க்காமல் மாதா கோவிலுக்குப் போய்விட்டோம், ராத்திரி திரும்பி வந்தால் ஃப்ரீசரில் இரண்டு கிலோ இறால். வாசனையை வர்ணிக்க மாட்டேன். "கிறிஸ்துமஸுக்கு ஹாம் போதாதா?" என்றார் உங்கள் தம்பி.

சரி, கார்டால் பலனாவது உண்டா என்று பார்த்தேன். நான் புள்ளியியல் படித்தவள், வாய்வார்த்தையை நம்புவதில்லை. ஞாயிறுதோறும் நீங்கள் இருவரும் அவரவர் கணினியில் கார் பந்தயம் ஓட்டும்போது திரையின் மூலையில் படத்தின் வேகம் ஓர் எண்ணாக ஓடுகிறதே, அதைக் குறித்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு. பிறகு ஒரு ஞாயிறு அவர் குளிக்கப்போனபோது உங்கள் கார்டைக் கழற்றித் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். அன்றும் ஐம்பத்தெட்டு. உங்கள் தம்பியோ, "பாத்தியா ராஸ், இலை இலையாத் தெரியுது! ஒத்தக் கார்டுல இதெல்லாம் வருமா?" என்றார். வராது என்று சொல்லிவிட்டு, அவர் தூங்கியதும் பழையபடி மாட்டிவைத்தேன்.

உண்மையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு லாரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் உற்சாகமாக எதையாவது ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் உங்களோடு. நம் நாட்டுக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தில் நீங்கள் கோல் அம்பயராக நின்று, பந்து கம்பத்தை உரசியது என்று அவருடைய குழுவுக்கு ஆறு புள்ளிக்குப் பதில் ஒன்று கொடுத்து, அதற்காக அண்ணனும் தம்பியும் ஆறு வருஷம் பேசாமலிருந்தீர்களே, அதற்குப் பிறகு கிடைத்த பேச்சு இது. "வழியை விடுடா", "பிரேக் போடத் தெரியாதா உனக்கு" என்பதைத் தாண்டிப் போவதில்லை என்றாலும் பேச்சுதான். கார்டைக் குறை சொன்னால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்: உங்களுக்கே அது தேவைப்படுகிறது என்று ஏதாவது ஒரு பொய் சொல்லித் திரும்பக் கேளுங்கள். இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

மெரிலுக்கு என் அன்பு. வெயிலில் தொப்பி இல்லாமல் மீன்பிடிக்கப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ராஸ்லின்

பி.கு. (ஞாயிறு): வெள்ளியன்று நான் போவதற்குள் தபால் நிலையத்தை மூடிவிட்டதால் கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கேட்டதும் அனுப்பத் தயாராக இருக்கட்டும் என்று கார்டின் பழைய பெட்டியைத் தேடி எடுத்தேன். அதோடு ஒரு காலுறை வந்ததே, அவருடைய குழுவுக்கு எதிரியான உங்கள் ஊர்க் குழுவின் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டது. அன்றைக்கே லின்டன் அதை இரண்டு விரலால் தூக்கி, "வேணும்னே அனுப்பியிருக்கான்" என்று டீசலின் படுக்கையில் எறிந்துவிட்டார். பெட்டிக்குள் திணிக்கலாம் என்று அதை எடுத்தால் உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எலும்பு என்று நினைத்தேன். விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு, பல்தடத்தோடு. அதைச் சுற்றி உங்கள் சீட்டு: "இந்தப் பாலம் இல்லாம ரெண்டு கார்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. மறக்காம மாட்டு, முட்டாப்பயலே."

ஆக மூன்று மாதமாக உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. சீட்டைப் படித்துவிட்டு லின்டன் அந்தத் துண்டைச் சட்டையில் துடைத்தார். பிறகு பாலத்தை மாட்டினார். எண் தொண்ணூறுக்கு ஏறியது. படம் மட்டும் விக்கி விக்கி ஓடியது. இருபது நிமிஷத்தில் சூடேறித் தானே அணைந்துவிட்டது. இன்று மூன்று முறை அணைந்ததும், மூன்று முறையும் ஆறுகிறவரை அவர் உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்ததும் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்றாவது முறை பெட்டி எப்போதோ ஆறிவிட்டது. கணினியைத் திரும்பப் போட நான் பொத்தானை அழுத்தப் போனேன். அவர் தலையை ஆட்டி, பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "இன்னும் கொதிக்குதுடா டாரில்... சரி, முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னான்?" என்றார்.

எனவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கார்டு இங்கேயே இருக்கட்டும். இறாலை நான் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

காலுறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். இன்னொன்றையும் அனுப்பச் சொன்னார். டீசலுக்காம்.