உயரக் குறைப்பு மூட்டைகள்

பாலத்தடியில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பாதியைத் தொலைபேசியில் கேட்டேன். மீதியைச் சித்தப்பா சொன்னார். அவர் விட்ட இடங்களை ஒரு பேருந்து நடத்துநர் நிரப்பினார். ஆகவே ஆட்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். அலுவலகத்தில் நடந்தது மட்டும் முழு உண்மை. அதற்கு நானே சாட்சி. பெரும்பாலும் நானே காரணம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு சரக்கு லாரி நிறுவனத்தில் ‘பாதை ஒழுங்கு உதவியாளர்’ என்ற பதவியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. அதே நிறுவனத்தில் சித்தப்பா இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். வீட்டில் அவர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டேன். அலுவலகத்தில் அவர் சரியான பாதையில் போகிறாரா என்று கண்காணிப்பது என் பணி. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிளிலேயே திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளுகிறவன் நான்.

நிறுவனம் முப்பத்தெட்டு லாரிகளுக்கும் வழிகாட்டும் கருவி வாங்கியது. கார்களுக்கு விற்கிற சாதாரணக் கருவி அல்ல, லாரிக்கென்றே செய்தது. வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். தாழ்ந்த பாலத்திலும் ஒடுங்கிய தெருவிலும் மாட்டாமல் கூட்டிப்போகும். சொல்லிவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையேட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஏணியும் அளவு நாடாவுமாக மூன்று நாள் ஏறி இறங்கி, சரக்கேற்றி நின்ற ஒவ்வொரு லாரியையும் இரண்டு முறை அளந்தேன். சித்தப்பாவின் வண்டி மூன்று மீட்டர் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். அளந்து முடித்ததும் மெக்கானிக்குகள் வந்து கருவிகளைப் பொருத்தினார்கள். கூரைமேல் ஆன்டெனா, கண்ணாடிக்குக் கீழே திரை, திரைக்குள் நிதானமான ஒரு பெண் குரல்.

பிறகு மேலாளரின் சுற்றறிக்கை வந்தது. ‘கருவி காட்டும் பாதையிலிருந்து விலகுவது நிறுவனத்தின் குறிக்கோளிலிருந்தே விலகுவதாகக் கருதப்படும்.’ மூன்று முறை விலகினால் ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி வாயில் காவலில் உட்கார வைப்பார்கள்.

சித்தப்பாவின் முதல் விலகல், டீசல் போட எதிர்ப்பக்கம் போனது. இரண்டாவது, குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்த தெருவுக்குள் நுழையாமல் சுற்றிப்போனது. விளக்கப் படிவத்தில் ‘ரோடு இல்லை’ என்று இரண்டே சொல் எழுதியிருந்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கருவியில் அந்தச் சாலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்போ இருக்கு” என்றார். ‘விளக்கம் ஏற்கத்தக்கதல்ல’ என்று நான் எழுதினேன். அன்று வீட்டில் சித்தி என் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். லாரியிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் இந்த மனுஷன் ஒரே மாதத்தில் படுத்துவிடுவார் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சித்தப்பா, என் கையெழுத்து அழகாக இருந்ததென்று மட்டும் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“ரயில் பாலத்துக்கு முன்னாடி நிக்கிறேன் ஆபீசர். மிஷின் உள்ளே போகச் சொல்லுது. போனா இடிக்கும்.”

கோபம் வந்தால்தான் என்னை ஆபீசர் என்பார். நான் கோப்பைப் புரட்டினேன். பாலத்தின் உயரம் நான்கு மீட்டர் பத்து. பதினாறு சென்டிமீட்டர் மிச்சம். காலையில் அதே பாலத்தடியில்தானே போனீர்கள் என்று கேட்டேன்.

“அப்ப சரக்கு இருந்துச்சு. இறக்கிட்டு வர்றேன். காலி வண்டி எழும்பி நிக்கும்பா.”

“எவ்வளவு எழும்பும் சித்தப்பா?”

“நாலு சென்டிமீட்டர்.”

“அப்பவும் பன்னிரண்டு மிச்சம் இருக்கே. கணக்குப்படி போகும்.”

“கணக்கு போகும். வண்டி போகாது.”

மேலாளரிடம் ஓடினேன். முன்கூட்டி அனுமதி வாங்கினால் விலகல் பதிவாகாது என்றார். அனுமதியைத் தருவது மூன்று பேர் கொண்ட குழு. குழு வியாழக்கிழமைதோறும் கூடும். அதுவரை வண்டியைப் பின்னால் எடுத்து ஓரங்கட்டலாமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். “பின்னாடி எடுக்கறது எதிர்த்திசை விலகல். அது இன்னும் மோசம்.”

அதை அப்படியே சித்தப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போது அது எனக்கே நியாயமாகப் பட்டது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இனி வருவது நடத்துநர் சொன்னது. அவருடைய பேருந்து லாரிக்குப் பின்னால் நின்றது. அதன் பின்னால் இன்னும் இருபது வண்டிகள். நடத்துநர் பாலத்தின் மேட்டில் ஏறி, லாரியின் உச்சியையும் பாலத்தின் அடியையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒரு விரல் அளவு இடிக்கும் என்று அறிவித்தார். எது இடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மடியில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டார். “காலி வண்டி எழும்புதுன்னா, அமுக்கினா இறங்கும்தானே?”

பேருந்தில் இருந்த அறுபத்து நான்கு பேரும் மூட்டை முடிச்சோடு லாரிக்குள் ஏறினார்கள். சரியான உடம்புக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாக ஏற்றி நடுவில் நிறுத்தினார்கள். வாழ்நாளில் தன் எடைக்காக யாரும் நன்றி சொன்னதில்லை என்று அவர் கண்கலங்கினாராம். ஏறும் வாசலில் நின்று நடத்துநர் பழக்கதோஷத்தில் பயணச்சீட்டைச் சரிபார்த்தார். லாரி ஒரு விரலுக்குமேல் அமிழ்ந்தது; உரசாமல் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. ‘நீங்கள் சரியான பாதையில் செல்கிறீர்கள்’ என்றது பெண் குரல்.

விலகல் பதிவாகவில்லை. சித்தப்பாவின் இருக்கை தப்பியது. கருவி சொன்னது கடைசியில் சரியாகிவிட்டதென்று மேலாளர் மகிழ்ந்துபோனார். அறிக்கை எழுதச் சொன்னார். ‘காலியாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பொதுமக்களின் ஒத்துழைப்பை எதிர்பார்க்க இயலாதாகையால், நிரந்தர எடை ஒன்று அவசியமாகிறது’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைக் குழு எழுந்து நின்று ஏற்றுக்கொண்டது. லாரிக்கு எண்பது வீதம் மணல் மூட்டைகள் வந்தன. அவற்றின் அலுவல் பெயர் உயரக் குறைப்பு மூட்டைகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. காலையும் மாலையும் அவற்றின் வருகையைப் பதிவது என் வேலையாயிற்று. என் வேலையும் நிரந்தரமாயிற்று. வீட்டில் சித்தி தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

மூட்டைகள் இருப்பதால் சரக்கில் பாதிக்கு இடமில்லை என்று கிடங்கிலிருந்து புகார் வந்தது. குழு கூடி விவாதித்தது. சரக்குப் பாதியானால் வண்டி இன்னும் எழும்புமே என்றார் ஒருவர். அதற்குத்தானே மூட்டை என்றார் மற்றவர். அப்படியானால் மூட்டையைக் கூட்டலாம் என்றார் மேலாளர். குறிப்பெடுத்தவன் நான்.

ஆனால் பன்னிரண்டு சென்டிமீட்டர் மிச்சம் என்ற அந்தக் கணக்கு என்னை விடவில்லை. கணக்கில் தப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நிறுத்துமிடத்தில் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு ஏணி போட்டேன். சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கூரை, மூன்று மீட்டர் தொண்ணூற்று எட்டு. நான் அளந்ததும் சரி, அவர் சொன்ன நாலும் சரி. அதற்குமேல், இரும்புத் தாங்கியில் நெட்டுக்குத்தாக, வழிகாட்டும் கருவியின் ஆன்டெனா நின்றது. அளந்தேன். பதினான்கு சென்டிமீட்டர்.

“சித்தப்பா, இடிக்க இருந்தது வண்டியே இல்ல. இந்த ஆன்டெனா.”

“தெரியும்.”

“எப்பத்திலேர்ந்து?”

“அந்த நடத்துநர் மேட்டுல நின்னு சொன்னப்பவே.”

“நாலு நட்டு. கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கலாமே.”

“கழட்டினா மிஷின் செத்துரும். மிஷின் செத்தா அதை என்னன்னு எழுதியிருப்பே?”

யோசித்துப் பார்த்தேன். விலகல் என்றுதான் எழுதியிருப்பேன், அழகான கையெழுத்தில்.

இறங்கி வந்து, எண் பிசகாமல் எண்பது மூட்டைகளையும் இருவருமாகத் திரும்ப ஏற்றினோம். மறுநாள் அலுவலகத்தில் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தோராம் பக்கத்தில், கட்டம் கட்டி, ‘ஆன்டெனாவைப் பொருத்திய பிறகே வாகனத்தின் உயரத்தை அளக்கவும்’ என்று போட்டிருக்கிறது. கட்டத்துக்குக் கீழே ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வரியில் இருப்பது என் கையெழுத்து.