நாகராசு செய்த சாம்பிள்

"ஃபெயில்ணே" என்று லேப்பிலிருந்து வந்த தாளை மேஜையில் போட்டார் தேவிப்ரியா.

மணமேல்குடியில் அவர் ஆரம்பித்த இறால் கம்பெனிக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. சூப்பர்வைசர் நாகராசு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தான். பழக்கதோஷம். கோட்டைப்பட்டினம் ஏலக்கூடத்தில் பதினைந்து வருடம் மூக்கை வைத்தே மீன் எடுத்தவன்.

"எறா ஃப்ரெஷ்ஷுதான் மேடம். ஒவ்வொரு தட்டையும் மோந்து பாத்துத்தானே விடுறேன்!"

"கிருமிக்கு வாடை இருக்காதுண்ணே. நாம விக்கிறது வேகவெச்சு உரிச்ச எறா. வாங்குறவங்க பாக்கெட்டப் பிரிச்சு அப்படியே வாயில போடுறாங்க. வெந்ததுக்கு அப்புறம் ஏறுற கிருமி நேரா வயித்துக்குத்தான் போகும். மனுசங்க மூக்குலயும் கையிலயும் இருக்குற கிருமின்னு லேப்ல எழுதியிருக்காங்க."

மூக்கு, கை! அது போதாதா நாகராசுவுக்கு? உரிக்கும் பெண்கள் பதினோரு பேர். இருபத்திரண்டு கை. எந்தக் கை என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையிலேயே வாசலில் நின்றுகொண்டான். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மாஸ்க் போட வேண்டும். கழுவினார்களா என்பதற்குச் சாட்சி? தன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு கையாக முகர்ந்தான்.

"என்னண்ணே, எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு தெரியணுமா? வாயால கேட்டாச் சொல்லமாட்டேனா?" என்றாள் மணிமேகலை.

வரிசையே சிரித்தது. கடைசியில் நின்ற சின்னப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் தும்மினாள். நாகராசுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மாட்டுனீங்களா! ஒங்க சளிதான் எறாவுல ஏறுது."

"சோப்பு நெடி தம்பி. எனக்கேது சளி?"

"அதெல்லாம் வேணாம். இனிமே நீங்க தட்டுப் பக்கமே வரப்படாது. அங்கிட்டு ஐஸ்பெட்டிக்கிட்டப் போங்க. ஒட்டுன பாக்கெட்ட அடுக்குறது மட்டும்தான் ஒங்க வேலை."

ஐம்பது வயதுப் பொம்பளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். அவள் இடத்தில் நாகராசுவே உட்கார்ந்துகொண்டான். தட்டுத் தட்டாக முகர்ந்தது போய் இப்போது ஒவ்வொரு இறாலாக முகர்ந்தான். ஒன்றுகூட அவன் மூக்குக்குத் தப்பவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது சாம்பிளின் தாள் வந்தது. கிருமி இரண்டு மடங்கு.

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தாண்ணே" என்றார் தேவிப்ரியா. அவர் குரலே மாறியிருந்தது. "மூணாவதும் போச்சுன்னா திருச்சிக் கடைக்காரங்க ஆர்டரக் கேன்சல் பண்ணிருவாங்க. அவங்க பதினோரு பேரையும் ஒங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

நாகராசு அந்தத் தாளையும் முகர்ந்து பார்த்தான். சின்னப்பிள்ளையைத் தள்ளி வைத்தும் கிருமி கூடுகிறது என்றால் இது சளி இல்லை, சதி!

அன்றிலிருந்து பேச்சுக்குத் தடை. பேசாமல் இருந்தால் அதுவும் சந்தேகம்: "எல்லாரும் கப்சிப்னு இருக்கீங்களே, என்ன பேசிவெச்சுருக்கீங்க?" கண்ணாத்தாள் இரண்டு தடவை கொட்டாவி விட்டாள், அது சிக்னல் என்று குறித்துக்கொண்டான். மத்தியானம் டிபன் பாக்ஸ்களைச் சோதனை போட்டான். மணிமேகலையின் டப்பாவில் ஒரு துண்டு கருவாடு அகப்பட்டது.

"இது என்ன?" இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"கருவாடுண்ணே. இத்தன வருசம் மீன மோந்த ஒங்களுக்குத் தெரியலையா?"

"வெளிச் சரக்கு உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல!" என்று சத்தம் போட்டுவிட்டு, அதே விரலால் வெந்த இறால் தட்டைக் கிளறி, குனிந்து முகர்ந்தான். நல்ல வாசனைதான். பிறகு எங்கிருந்துதான் வருகிறது இந்தக் கிருமி?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். மூன்றாவது சாம்பிளை எவளும் தொடக்கூடாது.

சாம்பிள் அனுப்ப வேண்டிய அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து பதினோரு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். அவனே வேகவைத்தான், அவனே உரித்தான், ஒவ்வொன்றையும் முகர்ந்து அவனே பாக்கெட்டில் போட்டு ஒட்டினான். கதவை ஒரு சாண் திறந்து சின்னப்பிள்ளையிடம் நீட்டினான்.

"ஐஸுக்குள்ள வெச்சு மூடுங்க. பிரிச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

"நான் எதுக்குப் பிரிக்கிறேன் தம்பி?"

அவள் ஐஸ் போட்டு மூடிக் கொடுத்த சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திருச்சி வரை பஸ்ஸில் போனான். பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியில் முழங்கையை ஊன்றினார் என்பதற்காகப் புதுக்கோட்டையில் சண்டை. லேப்பில் ரசீது வாங்கிய பிறகுதான் ஒரு டீ குடித்தான்.

ஐந்தாம் நாள் தேவிப்ரியா தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பாஸ்ணே! சுத்தம்! ஒரு கிருமிகூட இல்லையாம்!"

நாகராசு மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றான்.

"பாத்தீங்களா மேடம்? நான் ஒத்தையில செஞ்சது பாஸு. இவங்க கை பட்டது ரெண்டும் ஃபெயிலு. இதுக்கு மேல என்ன ருசு வேணும்? பதினோரு பேரையும் இன்னைக்கே கணக்குத் தீத்து அனுப்பிருங்க. நான் வேற ஆளுகளக் கூட்டியாரேன்."

தேவிப்ரியா பெண்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. கண்ணாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐஸ்பெட்டி மூடியைச் சாத்திவிட்டுச் சின்னப்பிள்ளை நிதானமாக முன்னால் வந்தாள்.

"தாயி, லேப்புக்குப் போனது அன்னைக்கு விடியக்காலம், தம்பி வர்றதுக்கு முந்தி நாங்க பதினோரு பேரும் செஞ்ச பாக்கெட்டு, தம்பி செஞ்சது இன்னும் இந்தப் பெரிய ஐஸ்பொட்டி அடியிலதான் கெடக்கு, வேணும்னா அதையும் அனுப்பிப் பாருங்க."