முழுவெட்டும் முக்கோணமும்

எதையும் இரண்டாகப் பிளந்து பார்க்காமல் நம்பாத மனிதர் இந்தக் கொல்லிமலையிலேயே ஒருவர்தான். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்கும் அவருக்கு 'முழுவெட்டு' என்று பெயர். மற்ற வியாபாரிகள் பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு எடுத்து, உள்ளே பார்க்கச் சொல்லி விற்பார்கள். இவர் பழத்தையே பிளந்து போட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். அதை பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்பது வாங்கியவர் தலைவலி. ஒருமுறை என் ரேடியோ கரகரத்தது என்று திறந்து பார்த்தார். அதற்குப் பிறகு அது கரகரக்கக்கூட இல்லை.

என் தையல் கடை அவர் கடைக்கு எதிரே. இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் இடுப்பு மூட்டு தேய்ந்து, நாமக்கல்லில் ஒரே டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம்.

"செயற்கை மூட்டு வைக்கணும். வழக்கம்போல பெரிசா அறுத்தும் வைக்கலாம், சின்னதா அறுத்தும் வைக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டுமே ஒத்துவரும்" என்றார் டாக்டர்.

தையல் குறைவு என்றதும் நான் சின்ன வெட்டுக்குத் தலையாட்டிவிட்டேன். முழுவெட்டு வலியோடு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, இத்துனூண்டு சந்துல உள்ள என்னங்க தெரியும்? நல்லா அகலமா அறுத்து, பாத்து வெய்யுங்க."

"பழகின கைக்கு அது போதுங்க. மொதல்ல கொஞ்சம் சீக்கிரம் நடக்கலாம். ஆறு மாசம் போனா ரெண்டும் ஒண்ணுதான்."

"முக்கோணம் போடறவனும் இப்படித்தானுங்க பேசுவான்!"

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார்.

"டெய்லரே, எனக்கு முந்தி நீங்க தடியில்லாம சந்தைக்கு நடந்து வந்துட்டா, அன்னையிலருந்து நானும் முக்கோணம் போடறனுங்க!"

"டெய்லரே, இந்த மனுசன் வாயக் கொஞ்சம் தெச்சு உடுங்க" என்றார் கூட வந்திருந்த அவர் மனைவி.

இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரைத் திட்டிக்கொண்டே மலையேறினார் முழுவெட்டு.

ஐந்தாவது வாரம் டாக்டர் என் தடியை விடச் சொல்லிவிட்டார். முழுவெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார். மறுநாள் சந்தைக்குப் போய் மார்தட்டுவதாக இருந்தேன். அன்று சாயங்காலம் அவர் மனைவி ஜாக்கெட் துணியோடு வீட்டுக்கு வந்தார். குரல் கேட்டதும் எதற்கோ தடியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அவருக்குச் சோறே எறங்க மாட்டேங்குதுங்க. வெட்டுக்கத்திய எடுத்து எடுத்துப் பாத்துட்டு வெச்சர்றாரு. இனிமே முக்கோணந்தான் போடோணுமான்னு கேக்கறாருங்க."

தடியை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். "எனக்கு இன்னும் வலி போகலைங்க, அவருகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

மூன்று வாரம் கழித்து முழுவெட்டு தடியில்லாமல் சந்தைக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே தடியூன்றிப் போனேன். ஊரே கூடி நிற்க, பெரிய பழமாகப் பார்த்து இரண்டாகப் பிளந்தார்.

"பாத்தீங்களா டெய்லரே? அகலமா அறுத்திருந்தா உங்களுக்கு இந்தக் கதியா? இந்தாங்க, சுளையத் தின்னுங்க சாமி. காலுக்குப் பலம் வரும்."

தெருமுனை திரும்பும்வரை நொண்டினேன். பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அந்த மனுஷன் ஒரு பழத்தில் முக்கோணம் போடுவதைப் பார்ப்பதைவிட, நான் ஆயுசுக்கும் நொண்டிவிட்டுப் போகிறேன்.